யாழ்ப்பாணத்தில இருந்து ஆர்எஸ்ஈ ஆகிறது எப்பிடி: பேப்பர், காசு, நாள்கணக்கு

கம்பஸில ஒரு சேருக்கோ மிஸ்ஸுக்கோ டேட்டா புரட்டிக் குடுக்கிற பைதன் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறீங்களோ, வீட்ட ஆரும் கேட்டா "கொம்பியூட்டரில ஒரு வேலை" எண்டு சொல்லிச் சமாளிக்கிறீங்களோ, அப்ப இதை ஆறுதலா இருந்து வாசியுங்கோ. நீங்கள் செய்யிற வேலைக்கு ஒரு பேர் இருக்கு, ரிசேர்ச் சொஃப்ட்வெயார் இன்ஜினியர், சுருக்கமா ஆர்எஸ்ஈ. 2012இல இங்கிலாந்தில ஒரு வேர்க்‌ஷொப்பில வைச்ச பேர், இப்ப பிரிட்டன், ஜேர்மனி, அமெரிக்கா, ஆசியா எண்டு எல்லாப் பக்கமும் சங்கம் இருக்கு, அந்தப் பேரிலேயே வேலை விளம்பரம் வருது. சரித்திரம் அவ்வளவு காணும்.

நான் மூண்டு வருஷம் இந்த வேலை செய்து போட்டுத்தான் அதுக்கு இப்பிடி ஒரு பேர் இருக்கெண்டே அறிஞ்சனான். அதுக்குள்ள என்ர ஸ்கிரிப்டை வைச்சு ஒரு பேப்பர் வெளியில வந்து, கடைசிப் பக்கத்தில நன்றி சொல்லுற இடத்தில என்ர பேரை எழுத்துப் பிழையோட போட்டிருந்தவை. கோவிச்சுப் பிரயோசனம் இல்லை, ஏனெண்டா என்ர பேரை நானே நாலு இடத்தில நாலு மாதிரி எழுதி வைச்சிருந்தனான், கோட் எங்க கிடக்கு, ஆர் எழுதினது எண்டு காட்ட ஒரு துண்டும் என்னட்ட இல்லை. நான் இழுபட்டது போல நீங்களும் இழுபடக்கூடாது, அதுக்குத்தான் இது.

1. முதல்ல, நீங்கள் இந்த ஆள்தானா?

ரெண்டு விஷயம் வேணும். ஒண்டு, ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் என்ன கேக்கினம் எண்டு விளங்கவேணும். மற்றது, நீங்கள் எழுதின கோடை நீங்கள் இல்லாத நாளில வேற ஒராள் ஓட்டக்கூடியதா இருக்கவேணும். கொம்பியூட்டர் சயன்ஸ் படிச்சிருக்கவேணும் எண்டு சட்டம் இல்லை. இந்த வேலையில கனபேர் பிசிக்ஸ், பயோலொஜி, ஜியோகிரஃபி படிச்சு வந்த ஆக்கள்தான். யாழ் கம்பஸில, திருநெல்வேலியில சயன்ஸ் செய்தாலும், கிளிநொச்சி அறிவியல் நகரில இன்ஜினியரிங் இல்லாட்டி விவசாயம் செய்தாலும் வரலாம். ஊரில வேலைப் பேர் ரிசேர்ச் அசிஸ்டன்ட், டெமொன்ஸ்ட்ரேட்டர் எண்டுதான் இருக்கும், அதைப் பற்றி யோசிக்காதேங்கோ.

கிட் (கோடில செய்யிற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கிற கருவி), டேர்மினல் (கட்டளை அடிச்சு வேலை செய்யிற ஜன்னல்) ரெண்டும் தெரியாட்டி சொஃப்ட்வெயார் கார்பென்ட்ரி பாடங்கள் ஒன்லைனில சும்மா கிடக்கு, ஷெல் (டேர்மினல் கட்டளைகள்), கிட், பைதன் அல்லது ஆர் (R) மொழி, இந்த மூண்டும் செய்யுங்கோ. கோட்ரிஃபைனரி எண்டு வடக்கு ஐரோப்பிய ஆக்கள் மார்ச்சிலயும் செப்டெம்பரிலயும் வழமையா நடத்திற இலவச வேர்க்‌ஷொப் இன்னும் நல்லம், அவைக்குக் காலமை எண்டா எங்களுக்கு மத்தியானம், சோத்துக் கோப்பையோடயே இருந்து பாக்கலாம். பின்னேரம் மட்டும் படிச்சா ஆறு கிழமை காணும். செலவு டேட்டா காட் காசு மட்டும்தான். ஆயிரக்கணக்கில காசு கட்டி கோர்ஸ் செய்தனான் எண்டு சேர்ட்டிபிகேட் காட்டின ஆக்களைக் கண்டிருக்கிறன், இந்த வேலைக்கு அதை ஒருத்தரும் கேக்கிறேல்லை.

2. உங்கட பேரை ஒரே மாதிரி ஆக்குங்கோ

இதை ஆரும் முதல் படியாச் சொல்லமாட்டினம், ஆனா எங்கட ஆக்களுக்கு இதுதான் முதல். அப்பான்ர பேர் முன்னுக்கு, எங்கட பேர் பின்னுக்கு, அப்பான்ர பேரைச் சில இடத்தில இனிஷியலாக்கி, பிறப்புச் சான்றிதழ் தமிழில, அதை மொழிபெயர்த்தவர் ஒரு ஸ்பெல்லிங், ஏ.எல் சேர்ட்டிபிகேட்டில இன்னொரு ஸ்பெல்லிங், பாஸ்போட்டில மூண்டாவது. வெளிநாட்டு போர்மில "ஃபெமிலி நேம்" எண்டு கேட்டா அப்பான்ர பேரைப் போடுறதா என்ன செய்யிறது எண்டு முழிக்கிறம். நான் ஒரு இடத்தில அப்பிடியும் மற்ற இடத்தில இப்பிடியும் போட்டதில என்ர ரெண்டு வேலையும் ரெண்டு ஆள் செய்ததா இன்ரநெட்டில கிடந்தது.

செய்யவேண்டியது: பாஸ்போட் இருந்தா அதில உள்ள ஸ்பெல்லிங்தான் இனி உங்கட ஸ்பெல்லிங். பாஸ்போட் இல்லாட்டி முதல்ல அதை எடுங்கோ, எடுக்கேக்க கம்பஸ் பதிவில இருக்கிற ஸ்பெல்லிங்கோட ஒத்துப்போகப் பண்ணுங்கோ. பிறகு ஓர்கிட் எண்டு 16 இலக்க நம்பர் ஒண்டு இருக்கு, ஆராய்ச்சி செய்யிற ஆக்களுக்கு ஒரு அடையாள அட்டை மாதிரி, காசு இல்லை, பத்து நிமிஷ வேலை. அதில "வேற பேர்கள்" எண்டு ஒரு இடம் இருக்கு, பழைய ஸ்பெல்லிங் எல்லாத்தையும் அதில போட்டுவிடுங்கோ. கம்பஸ் ஈமெயிலோட சொந்த ஈமெயிலையும் கட்டாயம் சேருங்கோ. கம்பஸ் விட்டு வெளிக்கிட்டா அந்த ஈமெயில் நிண்டுபோகும், பிறகு உள்ளுக்குப் போகேலாமல் நிப்பீங்கள்.

ஸ்பெல்லிங் வித்தியாசம் பெரிசா இருந்தா, ரெண்டு பேரும் ஒரே ஆளின்ரதான் எண்டு சமாதான நீதவானிட்ட ஒரு சத்தியக்கடதாசி முடிச்சு வையுங்கோ, ஒருநாள் வேலை. தமிழ் பிறப்புச் சான்றிதழை இங்கிலிஷில ஆக்க சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டத்தான் போகவேணும். குடுக்கேக்க பாஸ்போட் கொப்பியையும் சேர்த்துக் குடுத்து "இந்த ஸ்பெல்லிங்கில போடுங்கோ ஐயா" எண்டு வாயாலயும் சொல்லுங்கோ. நான் சொல்லேல்லை, அவர் தனக்குத் தெரிஞ்ச மாதிரிப் போட்டிட்டார், அவரில பிழை இல்லை.

3. கோட் ஆருக்குச் சொந்தம் எண்டு எழுத்தில வாங்குங்கோ

வேலையில இருக்கேக்க வேலைக்காக எழுதின கோடின்ர உரிமை, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாட்டி வேலை தந்த இடத்துக்குத்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அப்பிடித்தான் சொல்லுது. நீங்கள் ராவிராவா முழிச்சிருந்து எழுதினது எண்டாலும் "என்ர கோட்" எண்டு தூக்கிக்கொண்டு போய் வெளியில போடேலாது. மாணவரா இருக்கேக்க எழுதினது வேற கதை, ஆனா அதிலயும் கம்பஸ் விதி, காசு தந்த புரொஜெக்ட்டின்ர விதி எண்டு இருக்கும்.

பயப்பிட ஒண்டும் இல்லை, கேட்டா அனேகமாத் தருவினம். ஒரு பக்கக் கடிதம் காணும்: புரொஜெக்ட் பேர், கோட் என்ன செய்யுது, ஆர் ஆர் எழுதினது, எந்த லைசன்ஸில வெளியில போடப்போறம், டேட்டா போடமாட்டம் எண்ட உறுதி, கீழ பொறுப்பான ஆளின்ர கையெழுத்தும் திகதியும். நீங்களே டைப் பண்ணிக்கொண்டு போங்கோ, "ஒரு கடிதம் தாங்கோ சேர்" எண்டு வெறுங்கையோட போனா அவருக்கு எழுத நேரம் வராது. வேலை விட்டு வெளிக்கிட முதல் இதைச் செய்து முடியுங்கோ. நான் வெளிக்கிட்ட பிறகு கேட்டு நாலு மாசம் அலைஞ்சனான், ஆரும் மறுக்கேல்லை, கையெழுத்து வைக்கிறவர் வெளிநாட்டில, பிறகு சோதினைக் காலம், பிறகு லீவு, அப்பிடியே போச்சு.

லைசன்ஸ் எதைப் போடுறது எண்டு மண்டையை உடைக்காதேங்கோ, எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0, ரெண்டும் ஆரும் எடுத்துப் பாவிக்கலாம் எண்டு விடுற லைசன்ஸ். நீங்கள் பாவிச்ச லைப்ரரி (வேற ஆக்கள் எழுதி வைச்ச கோட்) ஜிபிஎல், அதாவது அதை வைச்சு எழுதி வெளியில விடுறதையும் அதே லைசன்ஸில விடச் சொல்லுற லைசன்ஸ் எண்டால் மட்டும் ஒருக்கா நிண்டு வாசியுங்கோ. இன்னொண்டு, ரெப்போ (கோடும் அதின்ர மாற்ற வரலாறும் கிடக்கிற இடம்) பப்ளிக்கா இருந்தா ஓப்பின் சோர்ஸ் எண்டு கனபேர் நினைக்கினம். லைசன்ஸ் ஃபைல் இல்லாட்டி சட்டப்படி ஒருத்தரும் அதை எடுத்துத் தங்கட வேலைக்குப் பாவிக்கேலாது.

4. வெளியில போட முதல் டேட்டாவைக் கழுவுங்கோ

நான் செய்த வேலை வலிகாமப் பக்கக் கிணத்துத் தண்ணியில நைட்ரேட் அளவு. எங்கட சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால உரமும் மலக்குழித் தண்ணியும் இறங்கிற கதை உங்களுக்குத் தெரியும். எக்ஸல் சீட் ஒண்டு, அதில கிணத்தின்ர இடம், ஆழம், அளவு, அதோட ஆரோ ஒரு புண்ணியவான் வசதிக்கெண்டு வீட்டுக்காரரின்ர பேரும் ஃபோன் நம்பரும் சேர்த்து வைச்சிருந்தவர். நான் அதைப் பாக்காமலே கொமிட் பண்ணி (கிட்டில பதிஞ்சு) பப்ளிக் ரெப்போவில ஏத்திப்போட்டன். ரெண்டு நாள் கழிச்சுக் கண்டு பதறி ஃபைலை அழிச்சன், அழிச்சா போச்சு எண்டு நினைச்சன். போகாது. பழைய கொமிட்டுக்குள்ள அப்பிடியே கிடக்கும், தெரிஞ்ச ஆள் ஒரு நிமிஷத்தில எடுப்பார். கிட் ஃபில்டர்-ரெப்போ எண்டு ஒரு கருவி இருக்கு, அதால வரலாற்றையே திருப்பி எழுதவேணும், அதுக்கிடையில ஆரும் கொப்பி எடுத்திருந்தா ஒண்டும் செய்யேலாது. கடைசியில ரெப்போவையே தூக்கிப்போட்டுப் புதுசாத் தொடங்கினன்.

இலங்கையில தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். பேர், ஃபோன் நம்பர் மட்டும் இல்லை, ஒரு வீட்டுக் கிணத்தின்ர சரியான ஜிபிஎஸ் புள்ளியே அந்த வீட்டைக் காட்டிக் குடுத்திடும். நான் இப்ப ரெண்டு தசமதானத்தோட நிப்பாட்டிறன், அது ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வட்டம், ஊர் விளங்கும் வீடு விளங்காது. ஆஸ்பத்திரி டேட்டா எண்டா எதிக்ஸ் கமிட்டி தந்த அனுமதிக் கடிதத்தில என்ன எழுதியிருக்கோ அதுதான் எல்லை, அதைத் தாண்டி ஒரு வரியும் வெளியில போகக்கூடாது. செய்யவேண்டியது லேசு: உண்மை டேட்டா ரெப்போவுக்கு வெளியில வேற ஃபோல்டரில, உள்ளுக்கு இருபது வரியில பொய்யா உருவாக்கின மாதிரி டேட்டா. ஓட்டிப் பாக்கிற ஆளுக்கு அது காணும்.

எங்கட இடத்துக்கெண்டே ரெண்டு பொறி இருக்கு. முதலாவது பாமினி. பழைய சீட்டுகளில ஊர்ப் பேர் எல்லாம் பாமினி எழுத்துருவில அடிச்சுக் கிடக்கும், எக்ஸலில வடிவாத் தெரியும், பைதனில திறந்தா இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. டேட்டா பழுதாப்போச்சு எண்டு நினைக்காதேங்கோ, யூனிகோட்டுக்கு மாத்திற கருவிகள் கனக்கக் கிடக்கு, ஆனா மாத்தின பிறகு ஊர்ப் பேரை ஒவ்வொண்டா கண்ணால பாருங்கோ, கொம்பும் காலும் இடம் மாறி வரும். ரெண்டாவது எக்ஸல் திகதி. ஆழம் "3-5" எண்டு அடிச்சா மார்ச் அஞ்சோ மே மூண்டோ எண்டு தானா மாத்தி வைச்சிடும். இது எங்கட பிரச்சினை மட்டும் இல்லை, எக்ஸல் திகதியாக்கிற கரைச்சலாலதான் 2020இல சில மனித ஜீன்களின்ர பேரையே மாத்தினவை. உலகமே எக்ஸலுக்குத் தோத்த இடம் அது.

5. ரெப்போவை ஆள் மதிக்கிற மாதிரி வையுங்கோ

கிட்ஹப் எண்டுறது ரெப்போக்களை ஒன்லைனில வைக்கிற இடம், கணக்கு இலவசம், மாணவர் எண்டா மேலதிக வசதியும் தருவினம். கோட் ஏத்திற ஆக்களிட்ட ரெண்டு படி லொகின் கேக்கும், அப்ப தாற ரிக்கவரி கோட்களை ஒரு பேப்பரில எழுதி சேர்ட்டிபிகேட் ஃபைலுக்குள்ள வையுங்கோ. ஃபோன் துலைஞ்சு கணக்கே போன பெடியனை எனக்குத் தெரியும், மூண்டு வருஷ வேலை.

உள்ளுக்கு இருக்கவேண்டியது: என்ன செய்யிற கோட், எப்பிடிக் கொம்பியூட்டரில பூட்டுறது, ஒரு உதாரணம் எண்டு சொல்லுற ரீட்மீ, லைசன்ஸ், பாவிச்ச லைப்ரரிகளின்ர பட்டியல் வேர்ஷன் நம்பரோட, சைட்டேஷன் ஃபைல், டெஸ்ட் (கோட் சரியான விடை தருதா எண்டு தானாப் பாக்கிற சின்னக் கோட்). ஒரு ஃபைல் 100 எம்பிக்கு மேல எண்டா கிட்ஹப் எடுக்காது. சைட்டேஷன் ஃபைல் எண்டுறது இந்தக் கோடைப் பாவிச்சா ஆரின்ர பேரை எப்பிடிப் போடவேணும் எண்டு சொல்லுற சின்னத் துண்டு. அதைப் போட்டா ரெப்போப் பக்கத்தில மேற்கோள் காட்டிற பட்டன் தானா வரும். என்ர பேர் பிழையா வந்தது எண்டு சொன்னன் எல்லோ, இந்தப் பத்து வரி ஃபைல் அப்ப இருந்திருந்தா வந்திராது.

டெஸ்ட் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேணும், ஏனெண்டா ஸ்கிரிப்ட் எழுதிற பெடியனையும் ஆர்எஸ்ஈயையும் பிரிக்கிற கோடு இதுதான். நைட்ரேட்டை ஒரு ஆய்வுகூடம் நைட்ரேட்டாவே எழுதும், இன்னொண்டு அதுக்குள்ள இருக்கிற நைதரசனா மட்டும் எழுதும். ரெண்டுக்கும் இடையில 4.43 மடங்கு வித்தியாசம். உலக சுகாதார நிறுவனத்தின்ர வழிகாட்டி அளவு லீற்றருக்கு நைட்ரேட்டா 50 மில்லிகிராம், நைதரசனா எண்டா ஏறத்தாழ 11. இதைக் கவனிக்காமல் ரெண்டு சீட்டையும் ஒட்டினா, குடிக்கக்கூடாத கிணறு நல்ல கிணறா வரைபடத்தில பச்சையா வந்திடும், கோட் ஒரு எரரும் காட்டாது. நான் போட்ட முதல் டெஸ்ட் இதுதான்: 10 குடுத்தா 44.3 வரவேணும். மூண்டு வரி. அதைப் பிறகு ஒவ்வொரு தரமும் கோட் ஏத்தேக்க தானா ஓடுற மாதிரி கிட்ஹப் அக்‌ஷன்ஸில பூட்டிவிட்டன், பப்ளிக் ரெப்போவுக்கு அதுக்கும் காசில்லை. இண்டர்வியூவில "ஒரு பிழையைக் கண்டுபிடிச்ச கதை சொல்லுங்கோ" எண்டு கேட்டா இப்பிடி ஒண்டு கையில இருக்கவேணும்.

6. டிஓஐ எடுங்கோ

செனோடோ எண்டு ஒரு இடம், சேர்ன் ஆய்வுகூடம் நடத்திறது, இலவசம். உங்கட கோடின்ர ஒரு வேர்ஷனை அங்க ஏத்தினா டிஓஐ எண்ட நிரந்தர நம்பர் ஒண்டு வரும், பேப்பருக்கு இருக்கிற மாதிரியே. சிவியில போடலாம், மற்ற ஆக்கள் மேற்கோள் காட்டலாம்.

கிட்ஹப் கணக்கால செனோடோவுக்குள்ள போய், உங்கட ரெப்போவுக்கு நேர இருக்கிற ஸ்விட்சைப் போட்டு, பிறகு கிட்ஹப்பில ரிலீஸ் (நம்பர் குடுத்து வெளியிடுற ஒரு வேர்ஷன்) போடவேணும். இந்த ஒழுங்கு முக்கியம். நான் ரிலீஸைப் போட்டிட்டு ஸ்விட்சைப் போட்டிட்டு ஒரு நாள் முழுக்க டிஓஐ வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஸ்விட்ச் போட்ட பிறகு வாற ரிலீஸ்தான் அங்க போகும். ரெண்டு டிஓஐ தரும், ஒண்டு அந்த வேர்ஷனுக்கு, மற்றது எல்லா வேர்ஷனுக்கும் பொது. சிவியில பொதுவானதைப் போடுங்கோ, பேப்பரில எந்த வேர்ஷனால கணக்குப் பாத்தீங்களோ அதைப் போடுங்கோ. பயமா இருந்தா செனோடோ சாண்ட்பொக்ஸ் எண்டு பழகிற இடம் வேறயா இருக்கு, அங்க ஒருக்கா ஒத்திகை பாருங்கோ. ஆர் ஆர் எழுதினது எண்ட பட்டியலை ரிலீஸுக்கு முதல் எல்லாரிட்டையும் காட்டி ஓம் எண்டு வாங்குங்கோ. வேலைக்குப் பிறகு வாற சண்டையில முக்கால்வாசி இதாலதான்.

எல்லாம் ஆயத்தமா இருந்தா அரை மணித்தியாலம்.

7. விருப்பமெண்டா ஜேர்னலுக்குப் போடுங்கோ

கட்டாயம் இல்லை, ஆனா எங்களைப் போல பெரிய லாப் பேர் இல்லாத ஆக்களுக்கு இது நல்ல ஏணி. ஜொஸ் (ஜேர்னல் ஒஃப் ஓப்பின் சோர்ஸ் சொஃப்ட்வெயார்) எண்டு ஒரு ஜேர்னல், 2016இல தொடங்கினது, ஆராய்ச்சி சொஃப்ட்வெயாருக்கெண்டே இருக்கு, போடவும் காசில்லை வாசிக்கவும் காசில்லை. கட்டுரை சின்னன்தான், அவை உண்மையாப் பாக்கிறது கோடை. ரிவியூ முழுக்க கிட்ஹப்பில எல்லாருக்கும் தெரிய நடக்கும், பூட்ட முடியுதா, டெஸ்ட் இருக்கா, டொக்கியுமென்டேஷன் இருக்கா எண்டு ஒரு பட்டியல் வைச்சுக்கொண்டு ஒவ்வொண்டா டிக் பண்ணுவினம். ஒரே நாளில கொட்டின ரெப்போவை ஏற்காயினம், கனகாலம் வேலை நடந்த தடம் தெரியவேணும், அதால இண்டைக்கே கொமிட் பண்ணத் தொடங்குங்கோ. ஆர் பக்கேஜ் எண்டா ஆர்ஓப்பின்சை, பைதன் எண்டா பைஓப்பின்சை எண்டும் ரிவியூ செய்யிற ஆக்கள் இருக்கினம், அவையும் காசு கேக்கிறேல்லை.

முடிய மாசக்கணக்காகும். கேள்வி வந்தா ஒரு கிழமைக்குள்ள மறுமொழி போடுங்கோ, ஏலாட்டி "சோதினை, பதினஞ்சாம் திகதிக்குப் பிறகு செய்யிறன்" எண்டாவது எழுதுங்கோ, சத்தம் போடாமல் இருந்தா அப்பிடியே கிடந்திடும். உங்கட பேரைப் புகழ்ந்து ஈமெயில் அனுப்பி "மூண்டு நாளில பப்ளிஷ்" எண்டு டொலரில காசு கேக்கிற ஜேர்னலுகளை எட்டியும் பாக்காதேங்கோ. ஊரில ரெண்டு பேர் மாசச் சம்பளத்தை அதுக்குக் கட்டிப்போட்டு இருக்கினம், சிவியில அதைக் கண்டா வேலை தாற ஆள் முகத்தைச் சுழிப்பார்.

8. ஆக்களோட சேருங்கோ

தனிய இருந்து இந்த வேலை செய்தா விசர் பிடிக்கும். பிரிட்டனில சொசைட்டி ஒஃப் ரிசேர்ச் சொஃப்ட்வெயார் இன்ஜினியரிங் 2019இல இருந்து பதிஞ்ச அறக்கட்டளையா இருக்கு, அங்கத்துவத்துக்குச் சந்தா இருக்கு, ஆனா அவையின்ர ஸ்லக் எண்ட அரட்டைத் தளத்தில சேரக் காசில்லை. வேலை விளம்பரம், கேள்வி பதில், அழுகை, எல்லாம் அங்கதான். யூஎஸ்-ஆர்எஸ்ஈ இருக்கு, ஜேர்மனியில டீஆர்எஸ்ஈ இருக்கு, எங்களுக்குக் கிட்டவா 2021இல தொடங்கின ஆர்எஸ்ஈ ஏசியா இருக்கு. முதல்ல ஏசியாவில சேருங்கோ, நேரமும் ஒத்துவரும், கரண்ட் போச்சு நெட் போச்சு எண்டா விளங்கிக்கொள்ளுற ஆக்களும் அங்கதான். ஒக்டோபர் மாச ரெண்டாவது வியாழன் சர்வதேச ஆர்எஸ்ஈ நாள், அண்டைக்கு ஒன்லைன் நிகழ்ச்சி கனக்க நடக்கும், புது ஆள் முகம் காட்ட நல்ல நாள்.

நேரக் கணக்கு: இங்கிலாந்தில பின்னேரம் 2 மணிக் கூட்டம் எண்டா குளிர்காலத்தில எங்களுக்கு 7.30, அவை மார்ச் கடைசியில மணிக்கூட்டை மாத்தின பிறகு 6.30. அமெரிக்கக் கிழக்குக் கரையில பின்னேரம் 2 மணி எண்டா குளிர்காலத்தில எங்களுக்குச் சாமம் 12.30, உதுக்கு முழிச்சிருந்தா அடுத்தநாள் வேலை இல்லை, ரெக்கோர்டிங் பாருங்கோ.

ஊருக்குள்ள யாழ் ஐரி ஹப் நடத்திற சந்திப்புகளுக்குப் போங்கோ. அங்க அனேகம் ஸ்டார்ட்அப் கதைதான், ஆனா டெஸ்ட் எழுதத் தெரிஞ்ச பெடியள் பெட்டையளை அங்கதான் காணலாம். நாங்கள் நாலு பேர் மாசத்தில ஒரு சனிக்கிழமை திருநெல்வேலியில ஒரு தேத்தண்ணிக் கடையில இருந்து ஒராளின்ர கோடை மற்ற ஆள் வாசிக்கிறம். செலவு தேத்தண்ணியும் வடையும்.

9. விண்ணப்பம் போடுறது

முதல்ல உண்மையைச் சொல்லிவிடுறன். வெளிநாட்டு யுனிவர்சிற்றி வேலைகளில கனக்க, வீட்ட இருந்துகொண்டு செய்யலாம் எண்டு போட்டிருந்தாலும் அந்த நாட்டுக்குள்ள இருக்கிற வீட்டைத்தான் சொல்லினம். விசா ஸ்பொன்சர் பண்ணுவினமா எண்டு விண்ணப்பத்துக்கு முதலே ஒரு வரி ஈமெயில் போட்டுக் கேளுங்கோ. நான் கேக்காமல் ஏழு விண்ணப்பம் எழுதி அஞ்சு அதாலேயே போச்சு. இஞ்ச இருந்து நடைமுறையில ஏலுமான வழி எண்டா, உள்ளூர் ரிசேர்ச் புரொஜெக்ட், வெளிநாட்டு புரொஜெக்ட்டில சின்ன ஒப்பந்த வேலை, மேல்படிப்போட சேர்ந்து போறது, இல்லாட்டி கூகிள் சமர் ஒஃப் கோட், அதாவது ஓப்பின் சோர்ஸ் புரொஜெக்ட்டுக்குக் கோட் எழுதிற புது ஆக்களுக்குக் கூகிள் காசு குடுக்கிற திட்டம். கடைசியா சொன்னதுக்கு 18 வயசு காணும், 2022இல இருந்து மாணவரா இருக்கவும் தேவையில்லை. ஆராய்ச்சி சொஃப்ட்வெயார் நிறுவனங்கள் அதில கனக்க வரும். பெப்ரவரியில நிறுவனங்களின்ர பட்டியல் வரும், மார்ச்சில விண்ணப்பம், ஆனா மார்ச்சில தொடங்கினா பிந்தி. மார்கழியிலயே அந்த புரொஜெக்ட்டுக்குச் சின்னத் திருத்தம் ரெண்டு அனுப்பி முகம் தெரிஞ்சிருக்கவேணும்.

பிரிட்டன் விளம்பரங்களில "கட்டாயம் வேணும்", "இருந்தா நல்லம்" எண்டு ரெண்டு பட்டியல் இருக்கும். வடிவான சிவி ஒண்டை மட்டும் அனுப்பிப்போட்டு இருக்காதேங்கோ. அந்தப் பட்டியலில உள்ள ஒவ்வொரு வரிக்கும் நேர மறுமொழி எழுதவேணும், ஒவ்வொண்டுக்கும் ஆதாரமா ரெப்போ லிங்க், டிஓஐ. அவை அந்தப் பட்டியலை வைச்சுப் புள்ளி போடுறவை, எழுதாததுக்குப் புள்ளி இல்லை, அடக்கம் காட்டிற இடம் இது இல்லை. "நாங்கள் செய்தம்" எண்டு எழுதாமல் "நான் செய்தது இது" எண்டு எழுதுங்கோ, எனக்கு இது பழக ஒரு வருஷம் போச்சு. கடைசி நாள் இரவு 11.59 எண்டா அது அவையின்ர நேரம், எங்களுக்கு விடியப்புறம், ஆனா அதை நம்பி நித்திரை முழிக்காமல் முதல்நாளே அனுப்புங்கோ, அண்டைக்கெண்டு கரண்ட் போகும்.

பேப்பர் ஆயத்தம்: பாஸ்போட், டிகிரி சேர்ட்டிபிகேட், ட்ரான்ஸ்கிரிப்ட் குறைஞ்சது மூண்டு கொப்பி, 3ஆம் படியில வாங்கின கடிதம், ரெண்டு ரெஃபரி. ட்ரான்ஸ்கிரிப்டுக்கு வேலை கிடைச்ச பிறகு ஓடாதேங்கோ, இப்பவே போர்ம் போடுங்கோ. வெளிவிவகார அமைச்சின்ர உறுதிப்படுத்தல் வேணுமெண்டா கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை, யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகம்) 2018இல இருந்து பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் இருக்கு. ஆனா அங்க போக முதல், சான்றிதழைத் தந்த இடத்தின்ர உறுதிப்பாடு அதில இருக்கா எண்டு பாருங்கோ, ஓ.எல், ஏ.எல் எண்டா பரீட்சைத் திணைக்களம். நான் பாக்காமல் போய் வரிசையில நிண்டு திரும்பி வந்தனான். ஐஈஎல்ரிஎஸ் எண்ட இங்கிலிஷ் சோதினை கேட்டா, அந்த ரிசல்ட் ரெண்டு வருஷம்தான் செல்லும், முன்கூட்டியே எழுதி வைச்சுக் காலாவதியாக்காதேங்கோ.

10. காசு வந்தா

வெளிநாட்டில இருந்து ஒப்பந்தக் காசு வாறதுக்கு வங்கியில வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒண்டைத் திறந்து வையுங்கோ, ஒப்பந்தக் கடிதம், அடையாள அட்டை, டின் நம்பர் (வரி அடையாள இலக்கம்) கேப்பினம். டின் நம்பர் 18 வயசு தாண்டின எல்லாருக்கும் வேணும், ஒன்லைனில எடுக்கலாம், காசில்லை. 2025 ஏப்ரல் 1இல இருந்து, வெளிநாட்டு ஆக்களுக்குச் செய்த சேவைக்கு வங்கியால வாற வருமானத்துக்கும் வரி இருக்கு, கூடினது 15 சதவீதம். வருஷத்தில 18 லட்சம் வரைக்கும் வரி இல்லாத பங்கு. முதல் வருஷம் அனேகமா அதுக்குள்ளதான் நிப்பீங்கள், ஆனா இன்வொய்ஸ், வங்கிக் குறிப்பு எல்லாத்தையும் ஒரு ஃபைலில போட்டு வையுங்கோ.

கூகிள் சமர் ஒஃப் கோட் காசு பேயோனியர் எண்ட ஒன்லைன் காசு அனுப்பிற சேவையால வரும், ரெண்டு தவணை. பேயோனியரில இருக்கிற பேரும் வங்கிக் கணக்கில இருக்கிற பேரும் ஒண்டா இருக்கவேணும். என்ர வங்கிப் புத்தகம் பள்ளிக்கூடக் காலத்தில அம்மா திறந்தது, அதில அப்பான்ர பேர் இனிஷியலா, என்ர பேரில ஒரு எழுத்துக் குறைவா கிடந்தது, முதல் தவணை பதினொரு நாள் அந்தரத்தில தொங்கினது. 2ஆம் படியில சொன்ன சத்தியக்கடதாசியைக் கொண்டுபோய் வங்கிக் கவுண்டரில வைச்ச பிறகுதான் காசு கைக்கு வந்தது, அந்தக் கடதாசியில ரெண்டு கொப்பி மேலதிகமா எடுத்து வையுங்கோ.